பெரிய பிராண்டுகளுக்குப் பக்கத்தில் பொட்டிக் போடலாமா?

கேள்வி: எங்கள் நகரத்தின் பணக்காரப் பகுதியில் ஒரே வருடத்தில் மூன்று சர்வதேச ஃபேஷன் பிராண்டுகள் கடை திறந்துவிட்டன. அதே தெருவில் ஒரு சின்ன இடம் வாடகைக்கு வருகிறது. பல டிசைனர்களின் உடைகளை வைத்து ஒரு பொட்டிக் தொடங்க நினைக்கிறேன். உயர்ரக ஆடைக் கடையில் பத்து வருடம் வேலை பார்த்திருக்கிறேன். துணிந்து இறங்கலாமா, போட்டியில் அடிபட்டுப் போவேனா?

பதில்: கடை போடுங்கள். ஆனால் அந்தத் தெருவில் வேண்டாம். அதை ஒட்டி ஒரு சந்து இருக்குமே, அங்கே இடம் தேடுங்கள்.

பெரிய பிராண்டு அப்படிப்பட்ட தெருவுக்கு வருவது கல்லாவை மட்டும் நம்பி அல்ல. அந்தக் கடையே அதற்கு விளம்பரப் பலகை. விற்பனை மந்தமானாலும் வாடகையை விளம்பரச் செலவாக நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தாக்குப்பிடிப்பார்கள். இப்போது கட்டடத்தையே வாங்கவும் தொடங்கிவிட்டார்கள். நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூவில் தன் கடை இருந்த கட்டடத்தை 2023 கடைசியில் இத்தாலிய பிராண்டான பிராடா விலைக்கு வாங்கியது. அடுத்த மாதமே கூச்சி (Gucci) பிராண்டின் தாய் நிறுவனமான கெரிங், அதே தெருவில் 96.3 கோடி டாலருக்கு இடம் வாங்கியது. 2024 ஏப்ரலில் மிலானின் வியா மொன்தெநாபொலியோனே தெருவில் ஒரே ஒரு கட்டடத்துக்கு 130 கோடி யூரோ கொடுக்கச் சம்மதித்தது. (இப்படி வாங்கிக் குவித்தது கெரிங்கின் கையையும் கடித்தது. 2025 தொடக்கத்தில் பாரிஸில் மூன்று கட்டடங்களின் 60 சதவீதப் பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள்.) இவர்கள் நிர்ணயிக்கிற வாடகையில் நீங்கள் எத்தனை உடை விற்றாலும் கட்டாது. அட்வான்ஸ், குட்வில் என்று முதலிலேயே கைமுதலில் பாதி போய்விடும்.

ஆனால் அவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஒரு கடைக்கு வந்தவர் நாலு கடை ஏறி இறங்குவார். அதனால்தான் இந்த பிராண்டுகள் எங்கே போனாலும் கும்பலாகவே போகின்றன. அந்தக் கூட்டம் உங்களுக்கும் வேண்டும், வாடகை மட்டும்தான் வேண்டாம். லண்டனில் ஜோன் பர்ஸ்டீனும் அவர் கணவரும் 1970-இல் பிரவுன்ஸ் பொட்டிக்கை நடத்தத் தொடங்கியது பெரிய பிராண்டுகளின் தெருவான நியூ பாண்ட் தெருவில் அல்ல, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சவுத் மோல்டன் தெருவில். கோகோ ஷனெல் 1910-இல் பாரிஸில் கடை திறந்ததும் பிளாஸ் வாந்தோம் என்ற ஆடம்பரச் சதுக்கத்தில் அல்ல, அதன் பின்பக்கம் உள்ள ரூ காம்போன் தெருவில். அதுவும் தொப்பிக் கடையாகத்தான். உடைகள் அப்புறம்தான் வந்தன.

சரி, உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பொட்டிக்குகளை மூடவைப்பது பெரும்பாலும் எதிர்க்கடை அல்ல, உள்ளே தேங்குகிற சரக்கு. பிப்ரவரி, மார்ச்சில் நீங்கள் ஆர்டர் கொடுக்கிற குளிர்காலச் சரக்கு ஜூலைக்குப் பிறகுதான் கைக்கு வரும். ஆறு மாதம் கழித்து யார் எதை வாங்குவார்கள் என்று இன்றே பணம் கட்டிச் சொல்ல வேண்டும். அதற்கு மேல், ‘குறைந்தது இவ்வளவுக்கு எடுத்தால்தான் தருவோம்’ என்று பிராண்டு நிற்கும். ஒரு கோட் ரகத்தை ஐந்து சைஸில் இரண்டிரண்டாக எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நடு சைஸ்கள் மூன்றாம் வாரமே போய்விடும். ஓரத்து சைஸ்கள் நாலு சீசன் முடிந்தாலும் ஹேங்கரில் தொங்கும். லாபம் முழுக்க அந்த நாலு கோட்டில்தான் முடங்கிக் கிடக்கும். பத்து வருட அனுபவத்தில் எந்த சைஸ் எப்போது தீர்ந்தது என்று உங்கள் மனதில் ஒரு கணக்கு இருக்குமே, அதைத் தாளில் எழுதுங்கள். பிராண்டின் ஷோரூமில் உட்கார்ந்து ஷாம்பெய்ன் குடித்துக்கொண்டே ஆர்டர் போடும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது ஆபத்து, உங்களுக்குச் சரக்குக் கொடுக்கிற பிராண்டேதான். உங்கள் கடையில் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் பக்கத்திலேயே சொந்தக் கடை போட்டுவிட்டு, உங்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடும். விலையும் தள்ளுபடியும் தன் பிடியில் இருக்க வேண்டும் என்பதால் பெரிய பிராண்டுகள் பிறர் கடைகள் வழியாக விற்பதைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. அதனால் எந்த ஒரு பிராண்டும் உங்கள் கொள்முதலில் கால் பங்கைத் தாண்ட விடாதீர்கள். எதிரே உள்ள கடைகளில் கிடைக்காததைத் தேடுங்கள். 1984-இல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படிப்பு முடித்த ஒரு மாணவரின் உடைகள் மொத்தத்தையும் வாங்கி, பிரவுன்ஸின் ஷோ விண்டோவில் வைத்தார் ஜோன் பர்ஸ்டீன். அந்த மாணவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டிசைனரான ஜான் கலியானோ. பெரிய பிராண்டின் கிளை மேனேஜர் நினைத்தாலும் அப்படி வாங்க முடியாது. அவருக்குத் தலைமை அலுவலகம் அனுப்புவதுதான் சரக்கு.

தள்ளுபடிப் போட்டியில் மட்டும் இறங்க வேண்டாம். லூயி வுட்டன் கடையில் தள்ளுபடி என்ற பேச்சே கிடையாது. இணையக் கடைகள் வருடம் முழுக்கத் தள்ளுபடி தரும். இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் நசுங்கிவிடுவீர்கள். 1987-இல் லண்டன் விம்பிள்டனில் ஒரு பொட்டிக்காகத் தொடங்கி, இணையத்தில் பிரம்மாண்டமாக வளர்ந்த மேட்சஸ் 2024-இல் திவாலானது. பணம் வராமல் தவித்தவர்களில் சின்ன டிசைனர்கள் நிறைய.

உட்புற அலங்காரத்துக்குப் பளிங்கெல்லாம் வேண்டாம். ட்ரையல் ரூமின் வெளிச்சத்துக்கும் கண்ணாடிக்கும் செலவு செய்யுங்கள், அங்கேதான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவாகிறது. நல்ல டெய்லர் ஒருவரைக் கைக்குள் வைத்திருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரம்மாவிடம் ஒரு பழைய நோட்டு உண்டு. ‘இடது தோள் கொஞ்சம் தாழ்வு, பச்சை பிடிக்காது, மகள் கல்யாணம் நவம்பரில்’ என்கிற மாதிரி வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். ஆர்டர் போடும்போதே ‘இது அவருக்கு’ என்று பெயரோடு எடுப்பார். பாதிச் சரக்கு கடைக்கு வரும் முன்பே விற்ற மாதிரி.

இடம் பார்க்கும்போது ஒரு சனிக்கிழமை மாலை அந்தச் சந்தில் இரண்டு மணி நேரம் நின்று, கையில் பிராண்டுப் பையோடு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அப்புறம் ஒப்பந்தம். மூன்றாம் வருடம் நீங்களாக வெளியேற உரிமை உண்டு, மற்றொருவருக்குக் கடையை மாற்றிவிடலாம் என்ற இரண்டு வரியும் அதில் இருக்க வேண்டும். கட்டடக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுத்தில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.