கோத்தகிரிப் பாறையில் மஞ்சள்பச்சைப் படலம்: ஆட்டுனைட்டா?

தேயிலைத் தோட்டத்துப் பாறையில் மஞ்சள்பச்சைப் படலம் இருக்கிறது, யுரேனியக் கனிமமான ஆட்டுனைட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது லைக்கன்தான், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. நீலகிரியின் சார்னோகைட் என்ற கடினப் பாறைகளில் ஈரக்காற்றுக்கு நன்றாகப் படரும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள், பல வகை லைக்கன்கள் நனைந்ததும் பசுமை கூடும்.

ஆட்டுனைட் வேறு மாதிரி. கால்சியம், யுரேனியம், பாஸ்பேட், கூடவே நிறைய நீர். மைக்கா போல மெல்லிய சதுரத் தகடுகள். நகம் பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மென்மை. புற ஊதா டார்ச் அடித்தால் பளிச்சென்று மஞ்சள்பச்சையாக ஒளிரும், அவ்வளவு அழகு! அந்த ஒளி கதிரியக்கத்தால் வருவதல்ல. யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த யுரேனைல் அயனி புற ஊதாவை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடுவது. பிரான்சின் ஓத்தன் ஊரை வைத்து 1852இல் பெயரிட்டார்கள்.

அப்புறம், ஆட்டுனைட் காய்ந்தால் நீர் இழந்து மெட்டா-ஆட்டுனைட்டாகி உதிரும். அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. அதனால் சந்தேகம் தீரும்வரை சுரண்ட வேண்டாம்.