மழைநீர்க் கிணறு வெட்டியும் போர் (ஆழ்துளைக் கிணறு) நீர்மட்டம் ஏறவில்லை. மழைநீரை மண்ணுக்குள் இறக்கிச் செயற்கை முறையில் நிலத்தடி நீரைச் செறிவூட்டினால் நீர்மட்டம் உண்மையிலேயே உயருமா?

உயரும். ஆனால் நீங்கள் பார்க்கிற இடத்தில் அது தெரியாமல் இருக்கலாம். "ரெண்டு மழைக்காலம் போயும் 260 அடி போரில் மாற்றமே இல்லை, பணம் வீண் என்று சங்கத்தில் சண்டை" என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னை நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பிலும் இதே சண்டை நடந்தது. அதனால்தான் பதில் எழுதாமல் கடந்துபோக மனசு வரவில்லை.

நான் நிலவியல் படித்தவன் இல்லை. சங்கச் செயலாளராக இருந்து இந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தவன், அவ்வளவுதான். "நீ என்ன நிபுணரா?" என்று கீழே கேட்க வருபவர்கள் என்னை விட்டுவிட்டு, கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் வளாகத்தில் ஒரு பழைய திறந்த கிணறு உண்டு. கார் நிறுத்த இடம் வேண்டும், மூடிவிடலாம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். நாங்கள் நாலைந்து பேர் விடாப்பிடியாக நின்று அதைக் காப்பாற்றினோம். மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் ஜல்லி, மணல் போட்ட வடிகட்டும் தொட்டி வழியாக அதில் இறக்கினோம். அடிக்கு ஒரு முடிச்சு போட்ட நைலான் கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து எழுதி வைப்பது என் பொறுப்பு. ஒரு ஐப்பசி மாதம், 22வது முடிச்சில் இருந்த தண்ணீர் ஒரே இரவு கனமழையில் 15வது முடிச்சுக்கு ஏறியது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன், எல்லோருக்கும் சந்தோஷம். ரெண்டு நாளில் 19க்கு இறங்கிவிட்டது. உடனே "பார்த்தீங்களா, ஓட்டைப் பானை" என்று ஆரம்பித்தார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கேயும் தொலையவில்லை. கிணற்றைச் சுற்றி நிலத்துக்குள் மேடு மாதிரி குவிந்த நீர், பக்கவாட்டில் பரவிச் சமமாகிறது. அந்த ஏற்றத்தில் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் பங்கு போகும். இதைத்தான் சங்கத்தில் ஏற்க மறுத்தார்கள்: நம் காசில் அடுத்தவனுக்கு ஏன் தண்ணீர்? அடுத்தவர் வீட்டு மழையும் நமக்கு வருகிறதே என்று எத்தனை கூட்டத்தில் சொல்வது?

இன்னொரு விஷயம், மட்டம் எவ்வளவு ஏறும் என்பதை மண்தான் முடிவு செய்கிறது. எங்கள் பரங்கிமலை, பல்லாவரம் பக்கமெல்லாம் அடியில் சார்னோகைட் என்ற கடினமான பாறை. மேலே மக்கிய பாறை, அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும் நீர் ஓடும் கெட்டிப் பாறை. இப்படிப்பட்ட மக்கிய பாறையில் நீர் தங்கி வடிந்து வரக்கூடிய இடைவெளி ஏறத்தாழ 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல மணலில் 20 சதவீதம். 100 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினால் மணலில் மட்டம் அரை மீட்டர் உயரும், பாறையில் 5 மீட்டர். எங்கள் கிணறு கார்த்திகையில் கிடுகிடுவென்று ஏறி மாசி பங்குனியில் அதே வேகத்தில் இறங்குவதற்கு இதுதான் காரணம். திருவான்மியூரில் மணலில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தண்ணீரின் உப்பு குறைந்தது. கடலோரத்தில் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்புநீரைத் தள்ளி வைக்கும். அங்கே லாபத்தை அடிக்கணக்கில் அளப்பதே தப்பு.

இப்போது உங்கள் போருக்கு வருகிறேன். உங்களுக்கும் பாறை நிலம்தான், இருபது வீடு, 4000 சதுர அடி மாடி இருக்கும் என்று நினைக்கிறேன். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. ஆவியாவது, வழிவது போக 4 லட்சம் லிட்டர் இறங்கலாம். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் வருஷச் செலவு 39 லட்சம் லிட்டர். பத்தில் ஒரு பங்கைப் போட்டுவிட்டு மீதியையும் அதே போரில் உறிஞ்சினால் மட்டம் எப்படி ஏறும்? இறங்குவது கொஞ்சம் தாமதப்படும், அதுவே பலன்தான். அதோடு, மேல் மண்ணில் விட்ட நீர் 260 அடி ஆழத்து வெடிப்புக்குப் போக வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இருந்தாலும் காலம் பிடிக்கும்.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல சட்டம். ஆனால் காட்டுவதற்காக ஒரு குழாயும் மூன்றடிக் குழியுமாகப் போட்டுவிட்டுப் போன இடங்கள் நிறைய. போட்டதையும் யார் சுத்தம் செய்கிறார்கள்? எங்கள் வடிகட்டும் தொட்டியில் ஒவ்வொரு கோடைக்கும் பிறகு மணலின் மேல் புறா எச்சமும் வேப்பிலையும் சிமெண்ட் தூசியும் சேர்ந்து அப்பளம் மாதிரிப் படிந்திருக்கும். அதைப் பெயர்த்து எடுக்காவிட்டால் ஒரு சொட்டு இறங்காது.

இதைக் கேட்கவே ஆளில்லை: எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டு, இப்போது ரோடு எங்கள் கேட்டை விட உயரம். வயதானவர்கள் படி இறங்குவது போல இறங்கி உள்ளே வருகிறார்கள். வரி கட்டுகிறவன் தன் வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டுமா? போதாததற்குத் தெருச் சாக்கடை உள்ளே வந்து கிணற்றில் கலக்காமல் இருக்க, கிணற்றுச் சுவரையும் எங்கள் செலவில் உயர்த்தினோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: புரட்டாசிக்குள் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். யார் சொன்னாலும் வடிகட்டாத தண்ணீரை நேராகப் போருக்குள் விடாதீர்கள், கெட்டால் மீட்பது கஷ்டம். அக்கம்பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால் அதை அளங்கள். இல்லையென்றால் ராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்தி, விடிகாலையில் போரை அளங்கள். இந்த மாசி அளவைப் போன மாசியோடு ஒப்பிடுங்கள், மழைக்கு முந்தின வாரத்தோடு வேண்டாம். மழை குறைந்த வருஷமாக இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதி, அந்தத் தாளைச் சங்கக் கூட்டத்தில் வையுங்கள்.