பாலைவனத்தில் எதிரொலி

அன்புள்ள ஐயா,

மொராக்கோவின் ஞாவா இசையை ராக்கோடு கலந்து வாசிக்க நண்பர்கள் முயல்கிறோம். கின்ப்ரி என்ற தந்தி வாத்தியத்தின் இடத்தில் பேஸ் கிட்டார், கர்காப் என்ற இரும்புச் சப்ளாக்கட்டைக்குக் கணினி. என் மின்கிட்டார் மட்டும் ஒட்டவில்லை. ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் போட்டேன், பாலைவன உணர்வுக்காக ரிவெர்பை, அதாவது எதிரொலியை, நன்றாக ஏற்றினேன். வேறு பெடல் வாங்கலாமா? சுரங்களுக்கு இடைப்பட்ட கால் சுரங்களுக்காகக் கழுத்திலுள்ள ஃப்ரெட் கம்பிகளை எடுத்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

ஃப்ரெட்டில் கை வைக்காதீர்கள். ஞாவா பெரும்பாலும் ஐந்து சுரங்களில் புழங்கும் இசை, இருப்பதே போதும். பெடலும் இப்போது வேண்டாம்.

ஆனால் அதென்ன பாலைவன உணர்வு? கொஞ்ச நாட்களாகவே இந்த எரிச்சல் எனக்கு உண்டு. சினிமாவில் ஒட்டகம் தலைகாட்டினால் போதும், கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். எதிரொலிக்கச் சுவர் வேண்டும், பாறை வேண்டும். வெட்டவெளி மணலில் எது ஐயா ஒலியைத் திருப்பி அனுப்பும்? 1979 வாக்கில் அல்ஜீரியாவின் தமன்ராசெட்டில் உருவான தினாரிவென் குழுவினர் நிஜமாகவே பாலைவனத்துக்காரர்கள். அதன் இப்ராஹிம் அக் அல்ஹபீப் சிறுவயதில் தகரடப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி வைத்துக் கிட்டார் செய்தவர். அவர்களுடைய ஆரம்பகாலப் பதிவுகளில் கிட்டார் வறண்டுபோய், காதருகே ஒலிக்கும்.

போதாக்குறைக்கு, ஞாவா பாலைவன இசையும் அல்ல. மராகேஷ், எஸ்ஸவீரா போன்ற ஊர்களில் வீட்டுக்குள் இரவு முழுக்க நடக்கும் லீலா சடங்கின் இசை. எஸ்ஸவீராவில் ஒரு முதிய மஅல்லிமின், அதாவது ஞாவா ஆசானின், முழங்காலை உரசும் தூரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கட்டையைக் குடைந்து ஒட்டகத் தோல் போர்த்திய கின்ப்ரி. தந்தியைச் சுண்டும் அதே வீச்சில் விரல் தோலையும் தட்டுகிறது. 'தும்' என்று எழும் ஒலி, நாம் ரசிப்பதற்குள் செத்துவிடுகிறது. தண்டின் நுனியில் செருகிய தகட்டில் வளையங்கள் கலகலக்கின்றன. சுற்றிலும் இரும்புக் கர்காபுகள். அந்தச் சின்ன அறையில் மேல் ஸ்தாயியில் ஊசி நுழைய இடமில்லை. அங்கே போய் உங்கள் ரிவெர்பை எங்கே வைப்பீர்கள்? உங்கள் கிட்டார் ஒட்டாததற்குக் காரணமே இதுதான். ஒவ்வொரு சுரமும் அடுத்ததன் மேல் வழிகிறது.

சரி, ரிவெர்பை அணையுங்கள். ட்ரெபிள் என்ற மேல் ஸ்தாயி கர்காபின் சொத்து, அதைக் குறைத்து நடு ஸ்தாயியான மிட்டை ஏற்றுங்கள். மெதுவாகத் தொட்டால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் மட்டும் கரகரப்பாகவும் வருமளவுக்குக் கெயினை இறக்குங்கள். ஃபஸ் மெதுவையும் அழுத்தத்தையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடுகிறது, தாளம் அங்கேயே போய்விடும். வலது உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜில் சாய்த்து வையுங்கள், சுரம் குட்டையாகும். அப்புறம் 1980-களின் அல்ஜீரிய இசைக்குழுவான ராய்னா ராயில் லோட்ஃபி அத்தாரின் கிட்டாரைக் கேளுங்கள். ராக்காரர்தான், ஆனால் தாளத்துக்குள் நின்று வாசிப்பவர்.

நல்ல முயற்சி, விட்டுவிடாதீர்கள். ஆனால் கர்காபைக் கணினியிடம் கொடுத்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு ஜோடி இரும்பு வாங்கி யார் கையிலாவது கொடுங்கள். அவர் தப்பாகத் தட்டினாலும் பரவாயில்லை.