கட்டுநாயக்கா போகும் முன்: முதல்முறைப் பயணிகளுக்குச் சில பதில்கள்

விடுமுறை நெருங்குகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் சென்னை, திருச்சி போகிறவர்களுடையவை. அவற்றில் இருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் முதலில் வருகிறது. அடையாள அட்டையில் எழுத்தும் வேறு. எதைக் கொடுப்பது? (வெள்ளவத்தை)

பாஸ்போர்ட்டில் உள்ளதை மட்டும் கொடுங்கள் தங்கச்சி. நம் ஆட்களுக்கு அதிகம் தலைவலி தருவது இதுதான். அப்பா பெயரை ஓர் இடத்தில் முழுதாக எழுதுவோம், இன்னோர் இடத்தில் முதலெழுத்தாகச் சுருக்குவோம். விமான நிலையத்தில் அது செல்லாது.

பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இரண்டு வரிகள் இருக்கும். மேல்வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து வருவது குடும்பப் பெயர். இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு வருபவை மற்றப் பெயர்கள். டிக்கெட், விசா இரண்டிலும் அதே பிரிப்பு, அதே எழுத்து. டிக்கெட் கைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டவரிடம் சொல்லித் திருத்துங்கள். கவுண்டரில் நின்றுகொண்டு கேட்டால் காலம் கடந்துவிடும்.

இன்னொன்று: காலாவதித் திகதி. இந்தியா போய் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

இந்திய இ-விசாவை நானே போடலாமா? இணையத்தில் தேடினால் பல தளங்கள் வருகின்றன. (கொட்டாஞ்சேனை)

தாராளமாக நீங்களே போடலாம். தளத்தின் பெயர் gov.in (ஜிஓவி புள்ளி ஐஎன்) என்று முடிகிறதா என்று பாருங்கள். அது இல்லாத தளங்கள் அரசாங்கத்தினுடையவை அல்ல, அங்கே காசு கட்டாதீர்கள்.

படிவத்தில் இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயர், முகவரி கேட்பார்கள். உறவினர் இல்லாவிட்டால் தங்கப் போகும் ஹோட்டலின் விவரத்தைப் போடலாம். 30 நாள் சுற்றுலா விசாவுக்குப் புறப்பட நான்கு நாட்களுக்கு முன்னாவது விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். இ-விசாவில் எல்லா விமான நிலையங்களிலும் இறங்க முடியாது. சென்னையும் திருச்சியும் பட்டியலில் உள்ளன. அனுமதி வந்ததும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். ஃபோனை மட்டும் நம்ப வேண்டாம்.

திருவண்ணாமலை போகிறோம். பூசைச் சாமான் கொண்டு போகலாமா? பவர் பேங்க்? (தெஹிவளை)

கற்பூரம் வேண்டாம் அண்ணா. தீப்பற்றும் பொருள் என்பதால் பெரிய பெட்டியிலும் போகாது, கைப்பையிலும் போகாது. திரும்பும்போது காய்ந்த கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்காதீர்கள், அதற்கும் அதே காரணம். கோயில் வாசலிலேயே எல்லாம் கிடைக்கும், அங்கே வாங்கி அங்கேயே ஏற்றுங்கள்.

பவர் பேங்க் பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவர் வரை அனுமதி. கடைகளில் விற்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-அவர்தான், பயமில்லை. ஊறுகாய், நல்லெண்ணெய் போன்றவற்றை இறுகக் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட போத்தல் செல்லாது, பாதி காலியாக இருந்தாலும்.

மாமியிடம் பழைய இந்திய நோட்டுகள் இருக்கின்றன. செல்லுமா? (பம்பலப்பிட்டி)

பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பரிலேயே செல்லாமல் போய்விட்டன. 2000 ரூபாய் நோட்டை 2023இல் மீளப் பெறத் தொடங்கினார்கள், கடைகளில் வாங்க மாட்டார்கள்.

வங்கி அட்டை கொண்டு போனால், வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை இங்கிருந்தே திறந்து வையுங்கள். அப்புறம் நம் சிம்முக்கு ரோமிங் போடுங்கள். வங்கியின் ஓடிபி அந்த இலக்கத்துக்குத்தான் வரும். அங்கே புது சிம் போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றி வைத்தால் காசு இருந்தும் எடுக்க முடியாது.

சிங்கப்பூருக்கு விசா இல்லையாமே? (வத்தளை)

குறுகிய பயணத்துக்கு இலங்கையருக்கு முன்விசா தேவையில்லை. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்டால் அது வேறு யாரோ.

வீட்டில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது? (வெள்ளவத்தை)

விமானம் புறப்பட மூன்று மணி நேரத்துக்கு முன் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் சிக்கல் குறைவு. காலி வீதியில் இருந்து பேலியகொடைக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. வேலை விடும் நேரம் என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது, இன்சுலின் போடுகிறார், அதிகம் நடக்க முடியாது. (மட்டக்குளி)

கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா, தயங்க வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். பிந்திவிட்டால் புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்னாவது சொல்லிவிடுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்தால் சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். ஊசி, மாத்திரை, டொக்டரின் மருந்துச்சீட்டு எல்லாம் கைப்பையில். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடே வையுங்கள். விமானம் பிந்தினால் சாப்பாடும் பிந்தும், அதனால் பிஸ்கட்டும் இரண்டு டொபியும் அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.