கறுப்பு தீர்ந்தால் இன்னொரு டப்பா

கேள்வி: நான் ஓவியர். மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் தங்கிச் சிகிச்சை பெறும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பெரிய ஓவியம் வரையக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படித் தொடங்குவது? அவர்கள் வரைவதை வைத்து மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: கண்டுபிடிக்கிற வேலை உங்களுக்கு வேண்டாம். அதற்கென்றே படித்த ஓவியச் சிகிச்சையாளர்கள்கூட ஒரே ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். தூங்கினாயா, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று நாள் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிற இடம் அது, நீங்களும் போய் "இது என்ன?" என்று ஆரம்பித்தால் பிள்ளை பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடும்.

டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளரும்கூட. அவரிடம் ஒரு கிறுக்கல் விளையாட்டு இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தில் ஒரு கோடு இழுப்பார், பிள்ளை அதை நாயாகவோ செருப்பாகவோ மாற்ற வேண்டும், அப்புறம் பிள்ளை கிறுக்கும், டாக்டர் மாற்ற வேண்டும். நன்றாக வரையத் தெரிந்தவருக்கு இதில் தனி மரியாதை கிடையாது. அதையே தரையில் நீளமாக விரித்த காகிதத்தில் எல்லோருமாகச் செய்யுங்கள். அடுத்தவர் வரைந்ததன் மேல் கைவைக்கும் முன் கேட்க வேண்டும், இந்த ஒரு விதி போதும். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பவரை இழுக்காதீர்கள், மூன்றாம் நாள் அவரே வரலாம், வராமலும் போகலாம். பாதியில் வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு, அதனால் அன்றன்று வரைந்தது அன்றே முழுசாக நிற்கட்டும்.

பொருள்களை முதலில் நர்ஸிடம் காட்டிவிடுங்கள். கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் மட்டுமல்ல, ஷார்ப்னரில் இருக்கிற சின்ன பிளேடுகூட ஆபத்துதான். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் ஓவியர் என்பதால் சொல்கிறேன்: பிள்ளைகள் போன பிறகு கோணலை நிமிர்த்த கை துறுதுறுக்கும். தொடவே கூடாது, மறுநாள் வந்து பார்த்ததும் தெரிந்துவிடும். சுவரில் மாட்டுவதென்றால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் சம்மதம் வாங்குங்கள், பெயர் வேண்டாம்.

கேள்வி (ஒரு பெற்றோரிடமிருந்து): என் மகளும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறாள். ஓவியத்தில் அவள் பங்கு முழுக்கக் கறுப்பு. பயமாக இருக்கிறது.

பதில்: நிறத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. கறுப்பு சும்மா பிடித்திருக்கலாம். அவள் பேச்சிலோ தூக்கத்திலோ மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். படத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், அவளிடம் "பக்கத்தில் உட்காரட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள்.