சிமிழுக்குள் ஒரு மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 32. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே மறதி, பாதியில் விட்ட வேலைகள், 'விளையாட்டுப் புத்தி' என்ற பட்டம். சென்ற ஆண்டு மனநல மருத்துவர் இது ஏடிஎச்டி, அதாவது கவனம் ஒரு இடத்தில் நிற்காத குறைபாடு என்றார். நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை, 18 மில்லிகிராமில் தொடங்கி இப்போது 36. ஆறு மாதமாக என்னால் ஒரு ஷிப்மென்ட்கூடத் தாமதமாகவில்லை. ஆனால் மதியம் சாப்பாடு இறங்குவதில்லை, காபிதான் ஓடுகிறது. ஐந்து கிலோ குறைந்துவிட்டேன். நெஞ்சு படபடக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மகனை வீட்டுப்பாடத்துக்கு உட்காரவைத்தால் பேய் பிடித்தது போலக் கத்துகிறேன். ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லை. 'உன் சிரிப்பே காணோமே' என்கிறார்கள் அலுவலகத்தில். கணவருக்கு மட்டும்தான் மாத்திரை விஷயம் தெரியும். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று குங்குமச் சிமிழில் போட்டுக் கைப்பையில் வைத்து, அலுவலகம் போய்ப் பத்தரை மணிக்கு விழுங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை போடுவதில்லை. மருந்துக் கடையில் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கிறது. இது போதை மருந்தா? நிறுத்திவிடலாமா? பக்கத்து மேஜைத் தோழி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தன் மகனுக்காக நாலு மாத்திரை கேட்கிறாள். கொடுக்கலாமா? பின்குறிப்பு: மாத்திரை கரையாமல் அப்படியே மலத்தில் வெளியே வருகிறது. அது வேலை செய்கிறதா, இல்லையா?

— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் போய் நின்ற இடம் அந்தப் பத்தரை மணி.

நீங்கள் சாப்பிடும் வகை மாத்திரை, விழுங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் உடம்பில் இருந்துவிட்டுப் போகும். பத்தரைக்குப் போட்டால் அது விடைபெறும் நேரம் இரவு ஒன்பது, பத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். மகன் நோட்டை விரிக்கும் நேரமும் மருந்து இறங்கும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. இந்த இறங்குமுகத்தில் சிலருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். கண்ணில் நீர் முட்டும், சின்னச் சத்தம்கூடக் காதில் குத்தும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுத் தணிந்துவிடும். போதாததற்கு மதியம் நீங்கள் காபியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. உங்கள் கத்தலில் பாதி பசியின் கத்தல். 'பேய் பிடித்தது போல' என்று எழுதியிருக்கிறீர்கள். குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

தூக்கக் கதையும் அதேதான். மருந்து ஒன்பது மணி வரை மூளையை விழிப்பாக வைத்திருந்தால், பதினொன்றுக்குப் படுத்தவுடன் கண் சொருகாது. பத்தரை வாக்கில் திடீரென்று கொலைப்பசி எடுத்து, சமையலறையில் நின்றுகொண்டே எதையாவது அள்ளிப் போட்டுக்கொள்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த மாத்திரையைத் தாமதமாகப் போடுகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கதை அது. நாள் முழுக்க அடக்கி வைக்கப்பட்ட பசி, காவலாளி போனதும் வெளியே வருகிறது. நிறைந்த வயிற்றோடு படுத்தால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

ஆக, உங்களைப் படுத்துவதில் பெரும்பங்கு மாத்திரை தருவதல்ல, மாத்திரையை ஒளிப்பது தருவது. மாமியார் கண்ணில் படக் கூடாது என்பதற்காக மூன்று மணி நேரம் தள்ளிப் போடுகிறீர்கள். அந்த மூன்று மணி நேரம் இரவில் வந்து வட்டியோடு வசூலிக்கிறது.

காலை ஏழு, ஏழரைக்கு மாற்ற முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேளுங்கள். பெரும்பாலும் அவர் 'அப்படித்தானே நான் சொன்னேன்' என்பார். மாற்றினால் இறங்குமுகம் மாலை ஆறு, ஏழுக்கு வரும். அப்போது நீங்கள் அலுவலகத்திலோ பஸ்ஸிலோ இருப்பீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ உள்ளே போயிருந்தால் எரிச்சலின் பல் மழுங்கிவிடும். எட்டு மணிக்கு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடும் பசி தானாகவே வந்திருக்கும். என்றாவது ஒரு நாள் காலையில் மறந்து, பத்து மணிக்கு மேல் நினைவு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் சேர்த்து இரண்டு போடுவது கூடவே கூடாது.

இப்போது சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மருந்துச் சீட்டில் எழுதாத பாதி வைத்தியம் இதில்தான் இருக்கிறது. மாத்திரைக்கு முன் இட்லியோ தோசையோ சந்தகையோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். மருந்து பசியைப் பூட்டுவதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருந்தால் நல்லது. மதியம் பசிக்காது. பசிக்காது என்பதை ஒத்துக்கொண்டு, பசியைக் கேட்காமல் மணியைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். ஒரு மணி அடித்தால் ஆறு வாய். முழு டப்பாவையும் முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் வெறுத்துப்போய் மூடிவிடுவீர்கள். அரிசி பருப்பு சாதம் ஆறு வாய், மேலே நெய், ஒரு டம்ளர் மோர். மூன்றரைக்கு ஒரு கடலை உருண்டை. மெல்லவே பிடிக்காத நாளில் குடிப்பது சுலபம், கம்மங்கூழைக் கரைத்துப் பாட்டிலில் கொண்டுபோய்விடுங்கள். கூழ் குடிப்பதை அலுவலகத்தில் யாராவது கிண்டல் செய்தால் 'டயட்' என்று சொல்லுங்கள், மறுநாள் அவர்களும் கொண்டுவருவார்கள்.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரே எடைமேடையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஐந்து கிலோ என்பது நான் லேசாக எடுத்துக்கொள்ளும் கணக்கல்ல. எடைக் குறைவும் படபடப்பும் சேர்ந்து வந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மாத்திரை தொடங்கும் முன் அந்த ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை என்றால் இப்போதாவது கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பழியையும் மாத்திரையின் தலையில் கட்டிவிட்டு வேறொன்றைத் தவறவிடக் கூடாது.

நெஞ்சு படபடப்புக்கு வருகிறேன். இந்த மருந்து இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சிறிதளவு ஏற்றக்கூடியது. அதன் மேல் நீங்கள் காபியை ஊற்றுகிறீர்கள். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும் மாடுகள். காலையில் ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டு இரண்டு வாரம் பாருங்கள். தண்ணீர் அதிகம் குடியுங்கள், வாய் வறட்சிக்கும் தலைவலிக்கும் சேர்த்து உதவும். சளி பிடித்தால் நாமே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கிறது. அதுவும் அழுத்தத்தை ஏற்றுவது. கேட்காமல் வாங்காதீர்கள். அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும், அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது, நாடியும் ரத்த அழுத்தமும் எடை போலவே குறிப்பில் ஏற வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குவது, இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் — இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சிரிப்பு காணாமல் போனதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் நகர மாட்டேன். அளவு சரியாக இருந்தால் நீங்கள் நீங்களாகவே இருப்பீர்கள், கவனம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆள் கல்லாகிப்போனது போல, எதிலும் ஒட்டாமல், பொம்மை மாதிரி இருந்தால் அளவு கூடுதலாக இருக்கலாம். 18-இல் எப்படி இருந்தது, 36-இல் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஷிப்மென்ட் நேரத்துக்குப் போகிறது என்பதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். குறைக்கலாம், குறுகிய நேர வகைக்கு மாற்றலாம், ஒத்துவரவே இல்லை என்றால் அடொமாக்ஸெட்டின் போல இந்த இனத்தைச் சேராத மருந்தும் இருக்கிறது. அது பலன் காட்டச் சில வாரம் பிடிக்கும். இரண்டாவது குழந்தை பற்றி வீட்டில் பேச்சு இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போதை மருந்தா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். சட்டத்தின் கண்ணில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துதான். மருந்து விதிகளில் 'எக்ஸ்' அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். கடைக்காரரின் அந்தப் பார்வை பெரும்பாலும் பதிவேட்டை நினைத்துப் பார்க்கும் பார்வை. உங்கள் ஒழுக்கத்தை அவர் எடைபோடவில்லை. பொடித்து மூக்கில் இழுக்கிறவர்களும் தேர்வுக்கு முந்தைய இரவு வாங்கிப் போடுகிறவர்களும் உலகெங்கும் இருப்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. போதை என்பது மருந்து மூளைக்குள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பொறுத்த சமாச்சாரம். உங்கள் மாத்திரை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்படி செய்யப்பட்டது. மருத்துவர் சொன்ன அளவில், விழுங்கிச் சாப்பிடுகிற ஒருவர் அடிமையாகும் ஆபத்து குறைவு. அளவை நீங்களே கூட்டத் தோன்றினால் மட்டும் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஒரு கிளைக்கதை. இந்த மருந்தை 1944-இல் ஸ்விட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிஸான் உருவாக்கினார். அவர் மனைவி ரீட்டா அதைச் சாப்பிட்டுவிட்டு டென்னிஸ் ஆடினார், ஆட்டம் மெருகேறியது என்றார். அதனால்தான் இந்த மருந்துக்கு ரிட்டாலின் என்ற வணிகப் பெயர் வந்தது. அந்தக் காலத்துத் துணிச்சல் அது. உங்கள் தோழி அந்தக் காலத்தில் இல்லை. அவள் மகனுக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா, உங்களுக்குத் தெரியுமா? நாலு மாத்திரை அல்ல, ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். கொடுப்பது குற்றம். அவளுக்கு என் பதிலைக் கிழித்துக் கொடுங்கள், போதும்.

நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்ற பல மனநல மருந்துகளைப் போல இது வாரக்கணக்கில் உடம்பில் சேர்ந்து வேலை செய்வதில்லை, ஒரு நாள் போட்டால் அந்த நாளுக்கு. அதனால் சிலருக்கு விடுமுறை நாளில் நாங்களே இடைவெளி தருவதுண்டு. ஆனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை விடுவது ஓய்வுக்காக அல்ல, அன்று மாமியார் வீட்டில் பக்கத்திலேயே இருப்பதால். அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பு அணையும், பரவாயில்லை. அன்றைக்குத்தான் மகனைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரும் ஓட்டுவீர்கள். அதை யோசியுங்கள்.

கடைசியில் அந்தச் சிமிழ். வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான். அம்மாவின் கைப்பையை நோண்டாத பையன் உண்டா? பெரியவர்களுக்கான 36 மில்லிகிராம் அவன் வயிற்றுக்குள் போனால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான். இன்றைக்கே மாத்திரையை அதன் சொந்த டப்பாவில் போட்டு, உயரத்தில், பூட்டுகிற அலமாரியில் வையுங்கள்.

அத்தையிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் கட்டளையிட மாட்டேன். சொன்னதை ஆயுதமாக்கிக்கொள்ளும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அவர் திட்டியதாக ஒரு வரிகூட இல்லை. முதலில் உங்கள் கணவர் பேசட்டும். அது அவர் வேலை, இத்தனை நாள் அவர் தப்பித்துக்கொண்டிருந்தார். நோயின் பெயரைச் சொல்லிப் பாடம் எடுக்க வேண்டாம். 'அத்தை, என் கவனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். டாக்டர் அதற்குக் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்' என்று நீங்கள் சொன்னால் போதும். வயிறு நிறைய என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார், நாளை முதல் இரண்டு இட்லி கூடுதலாக விழும். சொல்லவே முடியாத நிலை என்றால் இடத்தை ஒளியுங்கள், நேரத்தை ஒளிக்காதீர்கள்.

உங்கள் பின்குறிப்பு. அந்த மாத்திரையின் மேல்பூச்சில் கொஞ்சம் மருந்து இருக்கும், அது முதலில் கரைந்துவிடும். மீதி மருந்து கரையாத ஒரு கூட்டுக்குள் இருக்கிறது. கூட்டுக்குள் தண்ணீர் மெல்ல நுழைந்து, உள்ளிருக்கும் ஒரு அடுக்கை ஊதவைக்க, மருந்து ஊசித் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படும். கடித்தோ உடைத்தோ சாப்பிடக் கூடாது என்பது இதனால்தான். நீங்கள் பார்த்தது காலிக் கூடு. மருந்து உள்ளே போய்விட்டது. பதறிப்போய் இன்னொன்றை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.