கம்பெனியின் நிபுணர் டெபொசிஷனுக்கு வராமல் இழுத்தடித்தால்?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலையில் இருந்தேன். 53 வயதில் ஆட்குறைப்பில் எடுத்துவிட்டார்கள். வயதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஆட்குறைப்பில் வயதுப் பாகுபாடு இல்லை என்று கம்பெனி தரப்பில் பாஸ்டனில் இருக்கும் ஒரு புள்ளியியல் நிபுணர் அறிக்கை கொடுத்திருக்கிறார். அவரை டெபொசிஷனுக்கு (வழக்கு விசாரணைக்கு முன்பே சத்தியப் பிரமாணத்தின் கீழ் கேள்வி கேட்டுப் பதிவு செய்வதற்கு) கூப்பிட்டு மூன்று முறை தேதி வாங்கினோம், மூன்று முறையும் தள்ளிப்போட்டார்கள். டெபொசிஷன்களை முடிக்க நீதிமன்றம் வைத்த கெடு முடிய ஐந்து வாரம்தான் இருக்கிறது. அவரை வரவைக்க நீதிமன்றத்தால் முடியுமா? செலவு யாருடையது?

பதில்: முடியும். ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 26 இதைத் தெளிவாகவே சொல்கிறது. வழக்கு விசாரணையில் கருத்துச் சொல்லப் போகிறார் என்று ஒரு தரப்பு பெயர் கொடுத்த நிபுணரை, அவருடைய அறிக்கை வந்த பிறகு, மறுதரப்பு சத்தியப் பிரமாணத்தின் கீழ் கேள்வி கேட்கலாம். சாட்சி சொல்லாமல் பின்னாலிருந்து ஆலோசனை மட்டும் தரும் நிபுணர் என்றால் கதை வேறு, அவரை அநேகமாகத் தொட முடியாது. உங்களுடையவர் அறிக்கை கொடுத்தவர், அதனால் அந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 'கூப்பிட்டு' என்ற சொல். எப்படிக் கூப்பிட்டீர்கள்? 'எந்தத் தேதி வசதி?' என்று வழக்கறிஞர்களுக்குள் மின்னஞ்சல் போனதோடு சரியா, அல்லது நாள், நேரம், இடம் குறித்து முறையான டெபொசிஷன் நோட்டீஸ் போனதா? நோட்டீஸ் போகவில்லை என்றால் அவர்கள் இதுவரை எந்த விதியையும் மீறவில்லை. மீறாத விதிக்கு நீதிபதி உத்தரவு போட மாட்டார். நல்ல வழக்குகள் இந்த இடத்தில் நேரத்தை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். மரியாதையாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், கெடு போய்விடும்.

அதனால் இந்த வாரமே உங்கள் வழக்கறிஞரிடம் நோட்டீஸும், விதி 45-இன் கீழ் சப்பீனாவும் (சாட்சியை வரச் சொல்லும் நீதிமன்ற ஆணை), இரண்டையும் அனுப்பச் சொல்லுங்கள். கூலி கொடுத்து அமர்த்திய நிபுணருக்கு நோட்டீஸே போதும் என்று சில நீதிமன்றங்கள் சொல்கின்றன, சில சப்பீனா வேண்டும் என்கின்றன. அந்தச் சண்டைக்கு உங்களிடம் நேரமில்லை. சப்பீனாவோடு ஒரு நாள் சாட்சிப்படி 40 டாலரும் பயணப்படியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் கொடுத்த சப்பீனா செல்லாமல் போகலாம். அப்புறம், அவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலிருந்து 100 மைலுக்குள்தான் அவரை வரச் சொல்லலாம். பாஸ்டன்காரரை நியூ ஜெர்சியின் நியூவர்க்குக்கு இழுக்க முடியாது. பாஸ்டனிலேயே ஓர் அறை பாருங்கள், அல்லது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வீடியோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால்? நியூ ஜெர்சி ஃபெடரல் நீதிமன்றத்தில் எடுத்தவுடன் மோஷன் (முறையான மனு) போடக் கூடாது. உள்ளூர் விதி 37.1-இன்படி முதலில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். தீராவிட்டால், இந்த மாதிரி முன்கட்ட விவகாரங்களைக் கவனிக்கும் மாஜிஸ்ட்ரேட் நீதிபதிக்குக் கடிதம் எழுத வேண்டும், அல்லது தொலைபேசியில் முறையிட வேண்டும். பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே காரியம் முடியும். மூன்று முறை தேதி தள்ளிப்போன மின்னஞ்சல்களை வரிசையாக இணையுங்கள். கெடுவை நீட்டிக்கவும் அதே கடிதத்தில் கேளுங்கள். நீங்கள் சோம்பி இருக்கவில்லை என்று காட்டினால்தான் விதி 16-இன்படி நீட்டிப்பு கிடைக்கும், அந்த மின்னஞ்சல்கள் அதற்கும் சாட்சி. சப்பீனாவை மட்டும் வைத்து நிபுணரை நேரடியாகக் கட்டாயப்படுத்துவதானால், மனு பாஸ்டன் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீதிபதி உத்தரவு போட்ட பிறகும் வராத நிபுணரை ஜூரி முன் நிறுத்த விடாமல் தடுக்கலாம். கம்பெனி பயப்படுவது இதற்குத்தான்.

செலவு: டெபொசிஷனில் அவர் செலவிடும் நேரத்துக்கு நியாயமான கட்டணத்தை, கேள்வி கேட்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அவர் சொல்லும் மணிக்கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் நீதிபதியிடம் குறைக்கக் கேட்கலாம். ஜெயித்தால் மட்டும் பங்கு என்று வழக்கறிஞரோடு ஒப்பந்தம் போட்டிருந்தாலும், இந்த மாதிரிச் செலவை இப்போது யார் கட்டுவது என்று அதில் பாருங்கள்.

டெபொசிஷனுக்கு ஒரே நாள், 7 மணி நேரம்தான். அதை நிபுணரின் படிப்பு, பட்டத்தில் வீணாக்க வேண்டாம். உங்கள் வழக்கின் உயிர் அவர் எண்ணிக்கையை எப்படி வகுத்தார் என்பதில் இருக்கிறது. வயதுப் பாகுபாட்டுச் சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் காக்கிறது, அதனால் கம்பெனி நிபுணர்கள் 40-க்கு மேல், 40-க்குக் கீழ் என்று இரண்டே கூடைகளாகப் பிரித்துக் காட்டுவார்கள். 40-களில் இருப்பவர்களை விட்டுவைத்து 50-ஐத் தாண்டியவர்களை அனுப்பியிருந்தால் அந்தக் கணக்கில் அது தெரியவே தெரியாது. 2017-இல் பிட்ஸ்பர்க் கிளாஸ் வொர்க்ஸ் வழக்கில் நியூ ஜெர்சியையும் உள்ளடக்கிய மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், கம்பெனியின் ஒரு நடைமுறை 50 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாகப் பாதித்தது என்றும் வாதிடலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே 50-க்கு மேல் பிரித்துப் பார்த்தீர்களா, ஏன் பார்க்கவில்லை, அப்படிப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள். வழக்கறிஞரோடு அவர் பேசியது பெரும்பாலும் ரகசியம்தான். ஆனால் வழக்கறிஞர் கொடுத்து அவர் கணக்கில் எடுத்த தகவல்கள், நம்பிய அனுமானங்கள், வாங்கிய சம்பளம் ஆகிய மூன்றுக்கும் அந்த மறைப்பு கிடையாது. வேறு பிரிவுக்கு மாற்றி வைத்துக் காப்பாற்றப்பட்டவர்களை அவர் தன் கணக்கில் எந்தப் பக்கம் சேர்த்தார் என்பதையும் விடாமல் கேளுங்கள்.

இன்னொன்று. மாநிலச் சட்டத்தின் கீழ் மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு கேட்டு, உங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரைச் சாட்சியாகக் காட்டியிருந்தால், அவரையும் கம்பெனி டெபொசிஷனுக்குக் கூப்பிடலாம். அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.